உடலை வாங்க மறுப்பது, போஸ்டர், நினைவுத் தூண்: இதனால் என்ன பயன்?

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். "எங்கள் ஊர்ப் பையன் ஒருவனை வெட்டிக் கொன்றுவிட்டார்கள். உடலை வாங்காமல் ரோட்டில் உட்கார்ந்தோம், ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டினோம். இப்போது நினைவுத் தூண் வைத்து வருஷா வருஷம் அஞ்சலி செலுத்த வேண்டும் என்கிறார்கள் இளைஞர்கள். செத்தவன் திரும்பியா வரப் போகிறான், பகைதான் வளரும் என்கிறார்கள் பெரியவர்கள். மதுரைப் பக்கம் இப்படிச் செய்ததெல்லாம் எதற்காவது பயன்பட்டிருக்கிறதா?"

பயன்பட்டிருக்கிறது. ஆனால் கூட்டம் அதிகமாக இருந்த நாளில் கிடைத்த பயனைவிட, கூட்டம் கலைந்து பல வருஷம் ஆன பிறகு கிடைத்ததுதான் அதிகம். கொலை நடந்த வாரத்தில் ஆவேசத்துக்குப் பஞ்சமே இருக்காது. சாட்சி கூண்டில் ஏறும் நாளில்தான் கோர்ட் வராந்தாவில் செத்தவனுடைய அம்மாவும் ஒரு தம்பியும் மட்டும் நிற்பார்கள். எதிர்த் தரப்பில் இரண்டு வேன் ஆட்கள் வந்து இறங்குவார்கள். மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் நான் அடிக்கடி பார்த்த காட்சி இது. நினைவுத் தூண் இந்த இடைவெளியை அடைத்தால் அது உருப்படியான தூண். இல்லாவிட்டால் வருஷத்துக்கு ஒருநாள் மாலை விழும் சிமெண்ட் கட்டை.

முதலில் உடலை வாங்க மறுக்கும் விஷயம். அரசு ராஜாஜி மருத்துவமனைப் பிணவறைப் பக்கம் போய் வந்தவர்களுக்கு இது தெரியும். பனகல் சாலையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஆம்புலன்ஸ் டிரைவர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். டி.எஸ்.பி.யும் தாசில்தாரும் கூட்டத்துக்குள் பேசத் தெரிந்த ஆள் யார் என்று தேடுவார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, பிணத்தை வைத்துப் பேரம் பேசுவதாகத் தோன்றும். அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு வேறு கணக்கு. உடல் சுடுகாட்டுக்குப் போய்விட்டால் அதிகாரி யாரும் நம்மைத் தேடி வரமாட்டார் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்த பாடம். அரசாங்கம் அவர்கள் முன்னால் வந்து நின்று பேசுவது அந்த இரண்டு மூன்று நாள்தான்.

2018 மே 28 இரவு சிவகங்கை மாவட்டம் கச்சநத்தத்தில் ஊருக்குள் புகுந்து வெட்டியதில் மூன்று தலித்துகள் இறந்தார்கள். உறவினர்கள் உடல்களை வாங்க மறுத்துப் போராடியது இந்த மருத்துவமனையில்தான். நாலு வருஷம் கழித்து, 2022 ஆகஸ்டில், சிவகங்கை சிறப்பு நீதிமன்றம் 27 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. பிணவறை வாசலில் உட்கார்ந்ததால் மட்டும் அந்தத் தீர்ப்பு வந்துவிடவில்லை. வெட்டுப்பட்டுப் பிழைத்தவர்களும் நேரில் பார்த்தவர்களும் கடைசிவரை சாட்சியில் உறுதியாக நின்றார்கள். அப்படி நிற்கும் தைரியம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், 'நாம் தனியாக இல்லை' என்று முதல் நாளிலேயே தெரிந்ததும் ஒரு காரணம் என்பேன்.

உட்காருகிறவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'குற்றவாளிகளைக் கைது செய்' என்ற கோஷத்துக்கு, தனிப்படை அமைத்திருக்கிறோம் என்ற ஒற்றை வரியில் பதில் வந்துவிடும். காகிதத்தைக் கேட்கிறவர்கள் கெட்டிக்காரர்கள். எஃப்.ஐ.ஆர். நகல் பாதிக்கப்பட்டவர் தரப்புக்கு இலவசமாகத் தரப்பட வேண்டும். எந்தெந்தப் பிரிவு போட்டிருக்கிறார்கள் என்று அங்கேயே ஒரு வக்கீலை வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். இறந்தவர் பட்டியல் சாதியோ பழங்குடியோ என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாதவர் விசாரிக்க வேண்டும், 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும். 2016-இல் திருத்திய விதிப்படி கொலைக்கு நிவாரணம் 8.25 லட்சம். தமிழக அரசு பிறகு அதை 12 லட்சமாக உயர்த்தியது. பாதி பிரேதப் பரிசோதனை முடிந்ததும், மீதி குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போனதும் தர வேண்டும். வாரிசுக்கு மாத ஓய்வூதியம், வேலை, பிள்ளைகளின் படிப்புச் செலவு எல்லாம் அந்த விதியிலேயே இருக்கின்றன. ஆகவே கலெக்டர் 'பரிசீலிக்கிறேன்' என்றால் அவர் கருணை காட்டுகிறார் என்று நினைத்துக் கும்பிட வேண்டியதில்லை. விதியில் உள்ளதை எழுத்தில் கேளுங்கள்.

காவல் நிலைய மரணம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். 2020 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதற்கென்றே வழிமுறை சொன்னது. பிரேதப் பரிசோதனை முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும், முன்னதாகக் குடும்பத்தார் உடலைப் பார்க்க விட வேண்டும். மறு பரிசோதனை கேட்டு நீதிமன்றம் போகிறோம் என்று குடும்பம் எழுதிக் கொடுத்தால் 48 மணி நேரமாவது உடலை வைத்திருக்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு மறுப்பவர்களுக்கும் கோபத்தில் மறுப்பவர்களுக்கும் கிடைக்கும் பலன் ஒன்றல்ல.

போஸ்டரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மதுரைக்காரனுக்குப் பிறப்பு, காதுகுத்து, இறப்பு எல்லாமே போஸ்டர்தான். கொலைக்கு ஒட்டும் போஸ்டரைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். செத்தவனுடைய படம் ஏதோ கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டி எடுத்ததாக, மங்கிப்போய், மூலையில் இருக்கும். அஞ்சலி செலுத்துகிற மாவட்டச் செயலாளர் வெள்ளைச் சட்டையில் பளிச்சென்று நடுவில் இருப்பார். அந்த அளவு வித்தியாசத்தை வைத்தே அவர் அடுத்த மாதமும் வருவாரா என்று ஓரளவு ஊகிக்கலாம்.

இன்னொரு வகைப் போஸ்டரும் உண்டு. கோஷ்டிச் சண்டையில் செத்தவனுக்கு ஒட்டுவது. அதில் 'கண்ணீர் அஞ்சலி' என்று பெரிதாக இருக்கும், அதற்குக் கீழே எதிராளிக்குப் புரிகிற மாதிரி ஒரு வரி இருக்கும். இப்படிப்பட்டவர்களின் நினைவு நாளைக் காவல்துறை தேதி குறித்து வைத்துக் கவனிப்பதற்குக் காரணம் அந்த வரிதான். உங்கள் ஊர்ப் பெரியவர்கள் பயப்படுவது இதற்காக என்றால் அந்தப் பயம் நியாயமானது. போஸ்டரிலோ கல்லிலோ 'பழி', 'ரத்தம்', 'விடமாட்டோம்' என்று ஒரு சொல்கூட வேண்டாம். நாளைக்கு உங்கள் தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் வக்கீல், முன்பகையில் பொய்க் கேஸ் போட்டார்கள் என்று காட்ட அந்தப் போஸ்டரைத்தான் கையில் எடுப்பார்.

அதைவிட ஆபத்தானது செல்போன். கொலை நடந்த சிசிடிவி காட்சி அரைமணி நேரத்தில் எல்லார் வாட்ஸப்பிலும் ஓடுகிறது. பார்க்கிற தாய்க்கு அது எவ்வளவு கொடுமை என்பது ஒரு பக்கம். கேஸுக்கும் அது கேடு. குற்றவாளியை முன்பின் தெரியாத சாட்சி இருந்தால் சிறையில் அடையாள அணிவகுப்பு நடத்துவார்கள். அதற்கு முன்பே முகம் ஊரெல்லாம் பரவியிருந்தால், போட்டோவைப் பார்த்துத்தான் கை காட்டினார் என்று எதிர்த் தரப்பு சொல்லும், கோர்ட்டும் யோசிக்கும். என்கவுண்டர் செய் என்று கத்துவதும் இப்படித்தான். கேட்பதற்குச் சூடாக இருக்கும். அப்படி ஒருவன் சுடப்பட்டால் ஏவிவிட்டவன் யார் என்ற கேள்வியும் அவனோடு சேர்ந்து புதைந்துவிடும்.

இனி நினைவுச் சின்னத்துக்கு வருகிறேன். இந்த மண்ணில் கொலையுண்டவனுக்குக் கல் நடுவது நேற்று வந்த கட்சிப் பழக்கம் இல்லை. ஆண்டிப்பட்டி பக்கம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகற்களில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்து இருக்கிறது. கி.மு. காலத்தவை என்று கணித்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று, ஆநிரை (மாட்டு மந்தை) கவர்ந்த பூசலில் இறந்த ஒருவனுக்கு நட்டது. பேரும் ஊரும் காரணமும் மட்டும் சொல்கிறது. மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரை வீரன் மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுர வாசலிலேயே நிற்கிறான். 1920 ஏப்ரல் 3 அன்று, குற்றப் பரம்பரைச் சட்டத்தின்படி கைரேகை வைக்க மறுத்தவர்களை போலீஸ் சுட்டுக் கொன்ற பெருங்காமநல்லூரில் இன்றும் அந்தத் தேதியில் மாலை விழுகிறது. அதனால் 'இதெல்லாம் புதுசா எதுக்கு' என்று கேட்கும் பெரியவரிடம், அவருடைய குலசாமி எப்படிச் செத்தது என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் உங்கள் கேள்விக்கு நேரடியான பதில் மேலவளவில் இருக்கிறது. மேலூர் தாலுகாவிலுள்ள அந்த ஊராட்சியின் தலைவர் பதவி 1996-இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மனுத் தாக்கல் செய்தவர்களை மிரட்டினார்கள், வீடுகள் எரிந்தன, வாக்குப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கடைசியில் போலீஸ் பாதுகாப்போடு நடந்த தேர்தலில் முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று, எரிந்த வீடுகளுக்கு நிவாரணம் கேட்டு மதுரை கலெக்டர் அலுவலகம் போய்விட்டுத் திரும்பும்போது பேருந்தை மறித்து, முருகேசனையும் துணைத் தலைவர் மூக்கனையும் கூட இருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். முருகேசனின் தலையைத் துண்டித்துக் கிணற்றில் வீசினார்கள். ஒரு ஆளைக் கொல்வதோடு, அந்த நாற்காலியில் இனி எவனும் உட்காரக் கூடாது என்று சொல்வதும் அந்தக் கொலையின் நோக்கம்.

வழக்கு மதுரையில் நடந்தால் சாட்சி சொல்ல முடியாது என்று சேலத்துக்கு மாறியது. 2001 ஜூலையில் 17 பேருக்கு ஆயுள் தண்டனை, 23 பேர் விடுதலை. 2006-இல் உயர் நீதிமன்றமும் 2009-இல் உச்ச நீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்தன. கதை இத்துடன் முடிந்தது என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வருவதற்கு முன்பே, 2008-இல், அண்ணா நூற்றாண்டை ஒட்டிய பொதுமன்னிப்பில் மூன்று பேர் வெளியே வந்துவிட்டார்கள். 2019 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டை வைத்து மிச்சமிருந்த 13 பேரும் வெளியே வந்தார்கள். (ஒருவர் அதற்கு முன்பே இறந்துவிட்டார்.) இரண்டு ஆட்சி, இரண்டு கட்சி, முடிவு ஒன்றுதான்.

இங்கேதான் நினைவிடத்தின் வேலை தெரியும். கொல்லப்பட்டவர்களைப் புதைத்த இடத்தில் 'விடுதலைக் களம்' என்ற நினைவிடம் இருக்கிறது. ஒவ்வொரு ஜூன் 30-க்கும் விடுதலைச் சிறுத்தைகள் உட்பட பல அமைப்புகள் அங்கே கூடுகின்றன. 22 வருஷம் கழித்து 13 பேரை விட்டபோது மதுரையில் உடனே போராட்டம் நடந்தது, மதுரைக் கிளையில் மனுக்கள் விழுந்தன. ஆரம்பத்திலிருந்து இந்த வழக்கோடு நின்ற வழக்கறிஞர் பொ. இரத்தினம் அதில் முன்னால் இருந்தார். எந்த அடிப்படையில் விட்டீர்கள், அரசாணை எங்கே என்று நீதிமன்றம் அரசைக் கேட்டது. விடுதலையானவர்கள் மேலவளவுக்குள் போகக் கூடாது என்று இடைக்காலக் கட்டுப்பாடும் போட்டது. இந்த நாட்டில் எத்தனையோ ஆயுள் கைதிகள் முன்கூட்டியே விடுதலையாகிறார்கள். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குச் செய்தி தெரிவதே பல வருஷம் கழித்து, கொன்றவனைத் தெருவில் பார்க்கும்போதுதான். மேலவளவில் அப்படி நடக்கவில்லை. தேதி மறக்காத ஒரு கூட்டம் இருந்தது, அவர்களிடம் தீர்ப்பு நகலும் இருந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் கொலை எதைச் செய்ய நினைத்ததோ அது முழுதாக நடக்கவில்லை. மேலவளவில் மீண்டும் தேர்தல் நடந்து தலித் ஒருவர் தலைவரானார். இதேபோல் ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் பத்து வருஷம் தலித் ஒருவர் தலைவராக நீடிக்கவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். 2006-இல் அங்கேயும் தேர்தல் ஒழுங்காக நடந்தது. ஊராட்சி ஒதுக்கீட்டைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் முருகேசன் பெயர் வந்துகொண்டே இருந்ததால், இதைக் கண்டும் காணாமல் விடுவது அரசுக்குச் சிரமமாகிப் போனது.

அதே 1997-இல், முருகேசனுக்கு இரண்டு மாதம் முன்பு, ஏப்ரல் 23 அன்று மதுரை வில்லாபுரத்தில் லீலாவதியை வெட்டிக் கொன்றார்கள். மார்க்சிஸ்ட் கட்சியின் மாநகராட்சிக் கவுன்சிலர், நெசவாளர் குடும்பம். லாரித் தண்ணீரைக் காசுக்கு விற்றுப் பிழைத்தவர்களுக்கு, தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்த பெண்ணைப் பிடிக்கவில்லை. இவரும் 1996 உள்ளாட்சித் தேர்தலில் வென்றவர்தான். அவருடைய கட்சியும் மாதர் சங்கமும் ஏப்ரல் 23-ஐ விடாமல் கடைப்பிடிக்கின்றன. இந்த வழக்கில் தண்டனை பெற்றவர்களும் அதே 2008 பொதுமன்னிப்பில் வெளியே வந்தார்கள். கட்சி எதிர்த்துக் குரல் கொடுத்தது, தடுக்க முடியவில்லை. அமைப்பு பலம் இருந்தும் தோற்கலாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஆனால் மதுரையில் தண்ணீர்ப் பிரச்சினை பேசும் மேடையில் லீலாவதி பெயரைச் சொல்லாமல் இறங்க முடியாது. குழாயில் தண்ணீர் வரும் வீட்டுக்காரர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கிறது என்பது எனக்குச் சின்ன விஷயமாகத் தோன்றவில்லை.

பரமக்குடி வேறு மாதிரி. 1957 செப்டம்பர் 11 அன்று கொல்லப்பட்ட தலித் தலைவர் இம்மானுவேல் சேகரனின் நினைவிடத்துக்கு இன்று எல்லாக் கட்சியும் வருகிறது, ஒவ்வொரு கட்சிக்கும் நேரம் ஒதுக்கி, மாவட்டமே தடை உத்தரவில் கிடக்கிறது. 2010-இல் தபால்தலை வந்தது, 2023-இல் மணிமண்டபம் அறிவித்தார்கள். நடுவில் 2011 செப்டம்பர் 11-ஆம் தேதியே அஞ்சலிக்கு வந்தவர்கள் மேல் போலீஸ் சுட்டு உயிர்ப்பலி ஆனதும் இருக்கிறது. கூட்டம் பெரிதாகப் பெரிதாக நினைவு நாள் என்பது பலத்தைக் காட்டும் நாளாகிவிடுகிறது. சமூக அந்தஸ்துக்கு அது தேவை என்று சொல்பவர்களை நான் மறுக்க மாட்டேன். உங்கள் ஊர்ப் பையனுக்கு அது தேவையா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

தூணே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். ஆணவக் கொலையில் செத்த பெண்ணுக்கு யார் போஸ்டர் ஒட்டுவது? கொன்றதே அப்பாவும் மாமாவும் என்றால் பிணவறை வாசலில் யார் உட்காருவது? ராத்திரியோடு ராத்திரியாக எரித்துவிட்டு, வயிற்றுவலியில் மருந்து குடித்தாள் என்று சொல்லிவிடுவார்கள். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தியின் மரண வழக்கில் 2016 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம், கலப்பு மணம் செய்தவர்களைப் பாதுகாக்க மாவட்டம் தோறும் தனிப்பிரிவும் உதவி எண்ணும் வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்தப் பெண்ணுக்கு இருக்கும் நினைவுச் சின்னம் அந்த உத்தரவு ஒன்றுதான். யாருக்குக் கல் நிற்கிறது என்பதை வைத்து யாருக்கு ஆள் இருந்தது என்று சொல்லிவிடலாம்.

சரி, நீங்கள் வைக்கலாமா? வைக்கலாம் என்பதுதான் என் கருத்து. இடம் முக்கியம். பொதுச் சாலையிலும் நடைபாதையிலும் சிலை வைக்க அனுமதிக்கக் கூடாது என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025 ஜனவரியில் மதுரைக் கிளை பொது இடக் கொடிக்கம்பங்களையே அகற்றச் சொன்னது. வெட்டுப்பட்ட இடத்திலேயே வைப்போம் என்று இளைஞர்கள் நிற்பார்கள். ரோட்டோரத்தில் வைத்தால் ஒருநாள் ஜே.சி.பி. வரும், அன்றைக்கு ஊர் இரண்டுபடும், அப்புறம் கேஸ் உங்கள் பிள்ளைகள் மேல் விழும். குடும்பத்தின் பட்டா நிலத்தில் வையுங்கள். சிலை வேண்டாம். சிலை வைத்தால் அதற்குக் கம்பிக் கூண்டு போட வேண்டிய நிலைமை தென் மாவட்டங்களில் இருக்கிறது. கல்லில் பேர், ஊர், பிறந்த தேதி, இறந்த தேதி போதும். திறந்து வைப்பவர் பெயர் வேண்டவே வேண்டாம்.

தூணுக்கு ஆகும் செலவில் கொஞ்சத்தைப் பிடித்து வைத்து, கோர்ட்டுக்குப் போய்வர இரண்டு பேரை நியமியுங்கள். ஒரு நோட்டில் குற்ற எண், நீதிமன்றம், வழக்கு எண், ஒவ்வொரு வாய்தாவிலும் நடந்தது எல்லாம் எழுதட்டும். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் போலீஸ் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் எஸ்.பி.க்கு எழுதுங்கள். வன்கொடுமை வழக்கானால் 15ஏ பிரிவுப்படி ஜாமீன் மனு வந்தாலே உங்களுக்கு நோட்டீஸ் வர வேண்டும், உங்கள் தரப்பையும் கேட்க வேண்டும். நீங்கள் விரும்பும் மூத்த வழக்கறிஞரை நியமிக்கக் கலெக்டரிடம் மனுக் கொடுக்கலாம். குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானால் அரசு மேல்முறையீடு செய்யும் என்று காத்திருக்க வேண்டாம். பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யும் உரிமை 2009 கடைசியில் சட்டத்துக்கு வந்தது. மேலவளவுத் தீர்ப்பு வந்தபோது அந்த உரிமை இல்லை, உங்களுக்கு இருக்கிறது. ஒவ்வொரு நினைவு நாளிலும் மாலை போட்ட பிறகு அந்த நோட்டை எல்லார் முன்பும் வாசியுங்கள். சாட்சிகளை முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

ஆயுள் தண்டனையே கிடைத்தாலும் நோட்டை மூடிவிடாதீர்கள். எந்தத் தலைவரின் நூற்றாண்டு வருகிறது என்று நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருங்கள். முன்விடுதலை பற்றிப் பேச்சு எழுந்த உடனே உள்துறைச் செயலாளருக்கும் சிறைத்துறைத் தலைமைக்கும் குடும்பத்தின் பேரில் ஆட்சேபக் கடிதம் அனுப்பி, தபால் ரசீதை அந்த நோட்டிலேயே ஒட்டி வையுங்கள். நாளைக்கு மதுரைக் கிளையில் மனுப் போடும்போது வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான்.